உடலுக்குள் வைத்த பொருளின் ஆயுள்

மார்பகத்தினுள் செயற்கைப் பொருளொன்றை வைத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை தோன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அப்பொருள் உடலுக்குள் சென்ற நாளையே எழுதுகின்றனர். அது வெளியே எடுக்கப்பட்ட நாளைப்பற்றியும், எடுத்த இடத்தில் வேறொன்று வைக்கப்பட்டதா என்பதைப்பற்றியும் எழுதுவோர் குறைவு. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த இரண்டாம் நாளின் வரலாற்றையே.

இப்பொருளை மருத்துவர் தமிழில் ‘உள்வைப்பு’ என்கின்றனர். பேச்சு வழக்கில் ‘இம்ப்ளான்ட்’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது. இதை ஏற்போர் இரு திறத்தினர். புற்றுநோயால் மார்பகத்தை இழந்து, இழந்த வடிவை மீளப் பெற விரும்புவோர் ஒரு திறம். நோய் ஏதுமின்றி, தோற்றத்தின்பொருட்டு விரும்பிச் செய்துகொள்வோர் மற்றொரு திறம். முன்னவர்மீது இரக்கமும் பின்னவர்மீது ஏளனமும் காட்டுவது உலக வழக்கமாக இருக்கிறது. அவ்வழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உறை கிழிந்தால் இருவர் உடலிலும் ஒன்றுபோலவே கிழிகிறது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இவ்விரு திறத்தினரும் உளர். வீட்டில் மூத்தவர்களிடம் சொல்லக் கூசி, சொந்த ஊருக்கும் எழுதாமல், அயல்மொழி பேசும் மருத்துவமனையில் தனியே சென்று அமர்வோரும் அவர்களுள் உண்டு. ‘முன்பு வைத்ததை இப்போது மாற்ற வேண்டுமா?’ என்று கேட்கும் ஒரு பெண்ணுக்கு, அக்கேள்வி அவளுடையது மட்டுமன்று, ஒரு பெருந்தொழிலின் வரலாறு முழுவதும் அதே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்று காட்டுவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

இத்தகைய கட்டுரைகளைச் சுசுருதரிடமிருந்து தொடங்குவது ஒரு மரபு. வெட்டுண்ட மூக்கைச் சீரமைக்கும் முறை அவர் பெயரால் வழங்கும் நூலில் இருப்பது உண்மைதான். ஆனால் அது நோயாளியின் தோலைக் கொண்டே செய்யப்பட்டது. உடலுக்கு அயலான பொருளை உள்ளே வைத்து மூடுவது முற்றிலும் வேறு வகையான துணிவு. ஆகவே அவரை இங்கே வருத்த வேண்டுவதில்லை.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து அறுவை மருத்துவர் வின்சென்ஸ் செர்னி 1895-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். பாடகி ஒருவரின் மார்பகத்திலிருந்து கட்டியொன்றை அகற்றியபின், அப்பெண்ணின் முதுகுப்புறத்தே வளர்ந்திருந்த தீங்கற்ற கொழுப்புக் கட்டியை எடுத்து அப்பள்ளத்தை நிரப்பியதாக அவர் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்பவர் உருக்கிய பாரஃபினை ஊசிவழியே செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மெழுகு கட்டிதட்டியது, தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தது, இரத்தக் குழாயில் புகுந்தபோது பார்வை பறிபோனதும் உண்டு. ஐரோப்பாவில் முதல் உலகப்போர்க் காலத்திற்குள் அம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. 1950-களில் பஞ்சு போன்ற செயற்கைப் பொருள்களை வைத்துப் பார்த்தனர். அவை உடலுக்குள் சுருங்கின, கல்லாயின. சிலிகோன் திரவத்தை நேரடியாக ஊசியால் ஏற்றும் வழக்கமும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானிலும், பிறகு அமெரிக்காவிலும் பரவியது. அதன் கொடுமை பெரிது. ஏனெனில் திசுக்களுக்கிடையே பரவிவிட்ட திரவத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. வைத்ததை மீட்டெடுக்க முடியுமா என்னும் கேள்வி அங்கேதான் முதன்முதலாக எழுந்தது எனலாம்.

அக்கேள்விக்கு ஒருவகை விடையாகவே பையில் அடைத்த சிலிகோன் வந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் கெரோ என்ற இரு மருத்துவர்கள் இருந்தனர். அக்காலத்தில் இரத்தத்தைக் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதிலாக நெகிழ்வான பைகளில் வைக்கத் தொடங்கியிருந்தனர். இரத்தம் நிறைந்த பையொன்றைக் கையில் அழுத்திப் பார்த்த கெரோவுக்கு இந்த எண்ணம் தோன்றியதென்பர். டௌ கார்னிங் என்னும் நிறுவனத்தின் துணையோடு, சிலிகோன் இரப்பரால் உறை செய்து, அதனுள் சிலிகோன் கூழை நிரப்பினர். முதலில் எஸ்மரால்டா என்னும் பெயருடைய ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்தனர். பின்னர் 1962-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அந்நகரத்து ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனையில், ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக அவ்வறுவை நடந்தது.

அப்பெண் ஆறு குழந்தைகளுக்குத் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கவே அவர் அம்மருத்துவமனைக்குச் சென்றார். மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள விருப்பமா என்று மருத்துவர்களே அவரைக் கேட்டனர். தமக்கு வேண்டியது அதுவன்று, துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைச் சரிசெய்ய வேண்டுமென்பதே என்று அவர் சொன்னார். இரண்டையும் செய்து தருவதாக ஒப்பந்தமாயிற்று! ஓர் உலகப் பெருந்தொழில் இவ்வாறு காதுக்காகச் செய்த பேரத்தில் பிறந்தது என்பதை நாம் வேடிக்கைக்காகக் குறிப்பிடவில்லை. இச்சிகிச்சையின் தொடக்கத்தில் நோயாளியின் விருப்பத்தைவிடச் செய்பவரின் ஆர்வமே முந்தி நின்றது என்பதற்கு இது சான்று. 1963-இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலக பிளாஸ்டிக் அறுவை மாநாட்டில் குரோனின் தம் முறையை விளக்கினார். அப்பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அன்று எவரும் அறியார்; அறியும் அளவுக்குக் காலம் கடந்திருக்கவில்லை.

இனி, உள்ளே வைத்த பொருளை உடல் எவ்வாறு நடத்துகிறது என்பதைச் சிறிது விரிவாகவே பார்ப்போம். மாற்றறுவையின் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

தன்னால் கரைக்கவோ வெளியேற்றவோ இயலாத அயற்பொருளை உடல் சுவரெழுப்பிச் சிறைவைக்கிறது. காலில் தைத்து உள்ளேயே தங்கிவிட்ட முள்ளைச் சுற்றித் தசை தடித்துவிடுவதை நாம் அறிவோம். அதுபோலவே சிலிகோன் பையைச் சுற்றிச் சில வாரங்களில் தழும்புத் திசுவாலான மெல்லிய சுற்றுறை உண்டாகிறது. இது நோயன்று, இயல்பு. பெரும்பாலோரிடம் அது மென்மையாகவே இருந்துவிடுகிறது. சிலரிடம் அது நாளடைவில் தடித்துச் சுருங்குகிறது. சுருங்கும் உறை உள்ளிருக்கும் பையை நெருக்க, பை பந்துபோல் உருண்டு, மார்பகம் இறுகி, வடிவு குலைந்து, இறுதியில் வலிக்கவும் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் பேக்கர் 1975-இல் இந்த இறுக்கத்தை நான்கு படிகளாக வகுத்தார். தொட்டால் இயல்பாயிருப்பது முதற்படி. பார்வைக்கே குலைந்து வலியும் தருவது நான்காம் படி. இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் அப்படிகளாலேயே பேசுகின்றனர். மூன்றாம் நான்காம் படிகளை எட்டியோரே மாற்றறுவைக்கு வருவோரில் பெரும்பங்கினர்.

இந்த இறுக்கத்தைப் போக்க 1970-களில் கையாண்ட ஒரு முறையைக் கேட்டால் நேயர்கள் திடுக்கிடக்கூடும். கத்தியின்றி, மருத்துவர் தம் இரு கைகளாலும் மார்பகத்தைப் பிடித்து முழு வலிமையோடு நெரிப்பார். உள்ளிருக்கும் சுற்றுறை படீரென்று கிழியும். மார்பகம் உடனே மென்மையடையும். நோயாளியும் மருத்துவரும் மகிழ்வர். ஆனால் சுற்றுறையோடு சேர்ந்து சிலிகோன் பையும் கிழிந்த நேர்வுகள் பல. வெளியே மென்மை திரும்பியதைக் கண்டவர்கள் உள்ளே கூழ் கசிந்ததை அறியவில்லை. சில ஆண்டுகளில் இறுக்கமும் திரும்பிவந்தது. உற்பத்தியாளர்களே எச்சரித்த பின்னர் அம்முறை வழக்கொழிந்தது.

அதே பத்தாண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. முதற்கால உள்வைப்புகள் தடித்த உறையும் கெட்டியான கூழும் உடையனவாக, பின்புறத்தில் டாக்ரான் துணி ஒட்டியனவாக இருந்தன. தொடுவதற்கு இயற்கையாக இல்லை என்ற குறை எழவே, உறையை மெல்லிதாக்கினர். கூழை நீர்க்கச் செய்தனர். விளைவு எளிதில் ஊகிக்கத் தக்கது. கிழியாத உறையின் வழியாகவும் சிலிகோன் மெல்லக் கசிந்தது. 1975-இல் டௌ கார்னிங் நிறுவனத்தின் உட்குறிப்பொன்று, மாதிரிப் பைகள் கையாளக் கையாள எண்ணெய்ப் பிசுக்குடன் தோன்றுவதால், மருத்துவரிடம் காட்டுமுன் அவற்றைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்குமாறு விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. பிற்காலத்தில் நீதிமன்றங்களில் அக்குறிப்பு வெளிவந்தபோது, நிறுவனத்தின் நற்பெயரை அதைவிட அதிகமாகக் கெடுத்தது வேறெதுவுமில்லை எனலாம்.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் சட்டம் 1976-இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்பே விற்பனையில் இருந்தவற்றைப் புதிய சான்றின்றித் தொடர அச்சட்டம் விட்டுவைத்தது. ஆகவே பதினான்கு ஆண்டு வழக்கமே சிலிகோன் பைகளுக்குச் சான்றிதழாயிற்று. 1980-களில் பெண்கள் வழக்குத் தொடுக்கலாயினர். மூட்டு வலி, களைப்பு, உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்கள் ஆகியவை சிலிகோனால் வந்தன என்பது அவர்களது முறையீடு. 1991-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணுக்கு எழுபது இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை நடுவர்குழு வழங்கியது. 1992 ஜனவரியில் அந்நாட்டு உணவு மருந்து ஆணையத்தின் தலைவர் டேவிட் கெஸ்லர் சிலிகோன் உள்வைப்புகளின் விற்பனையை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டார். ஏப்ரலில் ஆணை சிறிது தளர்ந்தது. புற்றுநோய்க்குப் பின் வடிவமைப்போருக்கும், முன்பே வைத்திருந்து இப்போது மாற்ற வேண்டியிருப்போருக்கும், மருத்துவ ஆய்வின் வரம்புக்குள் அவை கிடைத்தன. புதிதாக அழகின்பொருட்டு வேண்டுவோருக்கு மறுக்கப்பட்டன. முதன்முறை வைப்பதும் மறுமுறை மாற்றுவதும் வெவ்வேறு தேவைகள் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

வழக்குகள் மலைபோல் குவிந்தன. 1994-இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சுமார் 425 கோடி டாலர் தர உடன்பட்டனர். அதுவும் போதாதாகி, 1995 மே மாதத்தில் டௌ கார்னிங் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. இதற்கிடையே ஆய்வுகளின் முடிவுகள் வரலாயின. அமெரிக்க மருத்துவக் கழகம் என்னும் அறிஞர் குழு 1999-இல் ஒரு பேரறிக்கை வெளியிட்டது. உடல் முழுவதையும் தாக்கும் நோய்களைச் சிலிகோன் உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை என்று அது கூறியதைச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. அவ்வறிக்கையின் மறுபாதியை வெகு சிலரே கவனித்தனர். உள்வைப்பின் உண்மையான இடர் வைத்த இடத்திலேயே நேரும் கேடுகள்தாம். இறுக்கம், கிழிவு, தொற்று ஆகியவையும் அவற்றால் மீண்டும் மீண்டும் செய்ய நேரும் அறுவைகளுமே முதன்மையான பாதுகாப்புக் குறை என்று அது தெளிவாகச் சொல்லியிருந்தது. பத்தாண்டுப் பெருவழக்கில் இரு தரப்பினரும் உரத்துப் பேசிய பொருள் ஒன்று. பெண்களின் உடலில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது மற்றொன்று.

2006 நவம்பரில் அமெரிக்காவில் சிலிகோன் உள்வைப்புகளுக்கு மீண்டும் இசைவு கிடைத்தது. இம்முறை கூழ் கெட்டியாக்கப்பட்டிருந்தது. உறையும் கசிவைத் தடுக்கும் வண்ணம் அடுக்கடுக்காக அமைந்திருந்தது. 2011-இல் ஆணையம் வெளியிட்ட தொகுப்பறிக்கை, இவை வாழ்நாள் முழுமைக்குமான பொருள்கள் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. தோற்றத்திற்காக வைத்துக்கொண்டோரில் ஐவரில் ஒருவருக்கும், புற்றுநோய்க்குப் பின் வைத்துக்கொண்டோரில் இருவரில் ஒருவருக்கும் பத்தாண்டுகளுக்குள் அவற்றை அகற்ற நேர்கிறது என்பது அதன் கணக்கு. பின்னவர்க்கு இடர் மிகுதியாயிருப்பதன் காரணம் எளியது. மார்பகத்தை எடுத்தபின் எஞ்சும் தோல் மெல்லியது. கதிர்ச் சிகிச்சை பெற்ற திசு உரமிழந்தது. அங்கே சுற்றுறை எளிதில் இறுகுகிறது.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். ‘பத்தாண்டானால் கட்டாயம் மாற்றியே தீரவேண்டும்’ என்று சொல்வோர் பலர். விளம்பரங்களிலும் இது காணப்படுகிறது. மேற்கண்ட கணக்கு அதைச் சொல்லவில்லை. கெட்டுப்போகாததை நாட்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கெட்டுப்போயிற்றா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு நீர் நிரப்பிய பை கிழிந்தால் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ள, மார்பகம் விரைவில் தட்டையாகி உண்மையைச் சொல்லிவிடும். சிலிகோன் பையோ ஓசையின்றிக் கிழியும். கூழ் சுற்றுறைக்குள்ளேயே தங்கி, வலியும் இராது, வடிவும் மாறாது. அதனைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. படமோ ஒலியலைப் படமோ வேண்டும். வைத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறையும் பார்ப்பது நன்று என்று அமெரிக்க ஆணையம் 2020-இல் பரிந்துரைத்தது.

ஐரோப்பாவுக்கு வருவோம். சிலிகோன் பை எக்ஸ்ரே படத்தில் மார்பகத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். மறைவிலே புற்றுக் கட்டி இருந்தால் தெரியாது. இக்குறையை நீக்கவென்று சோயா எண்ணெய் நிரப்பிய உள்வைப்பொன்று 1995-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் எண்ணெய் உடல் வெப்பத்தில் சிதைவதும், சிதைந்த பொருள்கள் தீங்கு பயக்கக் கூடியன என்பதும் பிறகுதான் தெரிந்தன. 1999 மார்ச்சில் விற்பனை நின்றது. 2000 ஜூனில், அதை வைத்திருந்த எல்லாப் பெண்களும் அகற்றிவிட வேண்டும், அகற்றும்வரை கருவுறலாகாது என்று அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு அறிவுறுத்தியது. அந்நாட்டில் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் ஒரே அறிவிப்பால் மீண்டும் அறுவை மேசைக்கு வர நேர்ந்தது.

அதுவாவது அறியாமையால் விளைந்தது. பிரான்சில் நடந்ததோ வஞ்சகம். தென்கடற்கரையில் லா செய்ன் சுர் மேர் என்னும் ஊரில் ஜான் குளோத் மாஸ் என்பவர் 1991-இல் பி.ஐ.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவத் தரமுள்ள கூழுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பயனுக்கான மலிவுச் சிலிகோனை நிரப்பினார். தணிக்கையாளர் முன்னறிவிப்போடு வருவர். வருமுன் அதன் சுவடுகள் மறைக்கப்படும். 2010 மார்ச்சில் அரசு ஆய்வாளர்கள் அத்தொழிற்கூடத்தைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அப்பைகள் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ மூன்று இலட்சம் பெண்களின் உடலில் இருந்தன. 2013 டிசம்பரில் மாஸுக்கு நான்காண்டுச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன.

பி.ஐ.பி. வழக்கில் குற்றவாளியின் கதையைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது, பின்னர் அரசுகள் எடுத்த முடிவுகளே. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டில் அவற்றை வைத்திருந்த சுமார் 30,000 பெண்களும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. அகற்றும் செலவை ஏற்றது. ஆனால் புதியதை வைக்கும் செலவைப் புற்றுநோயால் மார்பகம் இழந்தோருக்கு மட்டுமே தந்தது. பிரிட்டனிலோ, தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டோருக்கு, அம்மருத்துவமனை கைவிட்டால், அரசு மருத்துவமனை அகற்றித் தரும். புதியதைப் பொதுவாக வைத்துத் தராது என்றனர். ஒரே அறுவையில் முடியக்கூடியதை இரண்டாக்கி, இரண்டாவதற்கு வேறிடம் போகச் சொல்வது எத்தகைய நீதி? பொதுப்பணத்தை அழகுக்குச் செலவிடலாமா என்னும் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளவில்லை. ஆயினும், பல ஆண்டு விரிந்திருந்த தோலிலிருந்து பையை வெறுமனே எடுத்துவிட்டால், பெண் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதில்லை. தளர்ந்து தொங்கும் தோலோடு புதியதொரு குறையை அடைகிறாள். ஏமாற்றப்பட்டவளிடம் அதையும் சுமக்கச் சொன்னது கடுமையானது என்றே எண்ணுகிறோம்.

இன்னொன்றும் அப்போது வெளிப்பட்டது. தம் உடலில் இருப்பது எந்த நிறுவனத்துப் பை என்பதே பல பெண்களுக்குத் தெரியவில்லை. செய்த மருத்துவமனை மூடப்பட்டிருந்தது, அல்லது ஏடுகள் அழிக்கப்பட்டிருந்தன. பிரிட்டனில் 1993 முதல் நடந்துவந்த பதிவேடு 2006-இல் கைவிடப்பட்டிருந்தது. மோசடி வெளியான பிறகு, 2016-இல் அதைப் புதிதாகத் தொடங்கினர்.

மூன்றாம் திருப்பம் புற்றுநோயைப் பற்றியது. சுற்றுறை இறுகுவதைக் குறைக்க, வழவழப்பான உறைக்குப் பதில் சொரசொரப்பான உறையை 1980-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவந்தனர். திசு அதன் மேடுபள்ளங்களில் பற்றிக்கொள்ளும், சீராகச் சுருங்க இயலாது என்பது கருத்து. கருத்து ஓரளவு மெய்யாயிற்று. ஆனால் 1997-இல் தொடங்கி, உள்வைப்பைச் சுற்றியுள்ள உறையில் லிம்போமா என்னும் அரிய வகைப் புற்று தோன்றிய செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019 ஜூலையில் அமெரிக்க ஆணையம் எண்ணிச் சொன்ன கணக்கில் உலகெங்கும் 573 பேர். இறந்தோர் 33 பேர். அவர்களுள் 481 பேரிடம் இருந்தவை அல்லர்கன் நிறுவனத்துச் சொரசொரப்பு உள்வைப்புகள். அந்நிறுவனம் அவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஒரு குறையைத் தீர்க்க வந்த மருந்தே அடுத்த குறையாவதை இவ்வரலாற்றில் எத்தனை முறை கண்டுவிட்டோம்!

ஆயினும் நோய்க்குறி ஏதும் இல்லாதோர் அஞ்சி ஓடி வந்து அகற்ற வேண்டியதில்லை என்றே ஆணையம் கூறியது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மார்பகம் திடீரென வீங்கினாலோ, நீர் கோத்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ மருத்துவரை அணுக வேண்டும். காலத்தே கண்டு, உள்வைப்பையும் சுற்றுறையையும் முழுமையாக நீக்கினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அந்நோய் இல்லாதவரிடமும் சுற்றுறையை முழுவதும் ஒரே துண்டாக எடுத்தே ஆகவேண்டும் என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். மார்புக்கூட்டின் தசையோடும் விலா எலும்போடும் ஒட்டிய உறையை வலிந்து உரித்தால் இரத்தப்பெருக்கும், அரிதாக நுரையீரல் உறையில் துளையும் நேரக்கூடும். தேவையறிந்து செய்ய வேண்டியது அது.

மாற்றறுவையே காலப்போக்கில் ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. பழையதை எடுத்து அதே குழியில் புதியதை வைத்தால் பழைய நோயே திரும்புகிறது என்பதைக் கண்டு, தசைக்கு மேல் இருந்ததைத் தசைக்குக் கீழ் மாற்றவும், புதிய குழி அமைக்கவும் கற்றனர். முதல் அறுவையைவிட இது கடினம். திசு முன்னமே வெட்டுண்டது, மெலிந்தது. உள்வைப்பே வேண்டாவெனத் தன் உடற்சதையைக் கொண்டு மார்பகம் அமைக்கும் வழியும் விரிந்தது. இத்தாலியில் தான்சினி 1906-இலேயே முதுகுத் தசையைத் திருப்பிவைத்து இதைச் செய்து காட்டியிருந்தார். 1982-இல் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ஃப் அடிவயிற்றுச் சதையைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். கொழுப்பை உறிஞ்சியெடுத்து மார்பகத்தில் ஏற்றுவதை அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 1987-இல் கண்டித்தது. 2009-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. செர்னி கொழுப்புக் கட்டியை வைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. எடுத்துவிட்டு ஒன்றும் வையாமல், தளர்ந்த தோலை மட்டும் தூக்கித் தைத்துக்கொள்வோரும் உண்டு. அதுவும் ஒரு முழுமையான முடிவே, தோல்வியன்று.

நம் தாயகத்துக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. 2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், மார்பக உள்வைப்பு உட்பட அழகு சார்ந்த அறுவைகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று கண்டித்தவர்கள் பலர். பணமுள்ளவர் மட்டும் பெறுவதை ஏழை ஏன் பெறக்கூடாது, அரசு தராவிட்டால் கடன்பட்டும் ஆபத்தான வழிகளிலும் அல்லவா செல்வர் என்று அரசு விடை கூறியது. இரு தரப்பு வாதமும் முதல் அறுவையைப் பற்றியே நிகழ்ந்தது. பத்தாண்டுக்குப் பின் அப்பெண் வேறு ஊரில், வேறு மாநிலத்தில் வாழ்ந்தால், அவளது இரண்டாம் அறுவையை யார் செய்வர் என்று கேட்டவரை நாம் காணவில்லை.

புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு இது வெறும் வாதமன்று. சென்னையில் செய்துகொண்டு பணியிடம் மாறிப் புனேக்கும், அங்கிருந்து குருகிராமுக்கும் செல்லும் ஒருவரின் உடலில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த மருத்துவர் வெளியிலிருந்து சொல்ல முடியாது. உள்வைப்புப் பெட்டியில் ஒட்டிவரும் சீட்டுகளில் உற்பத்தியாளர் பெயர், தொடர் எண், அளவு, மேற்பரப்பின் வகை ஆகியவை அச்சிட்டிருக்கும். அச்சீட்டொன்றை ஒட்டிய அட்டையை நோயாளியிடம் தருவது முறை. கேட்டால் தருவர், பலர் கேட்பதில்லை, சிலர் வாங்கியதைக் கூச்சத்தால் கிழித்தும் விடுகின்றனர். தசைக்கு மேலா கீழா, எந்தத் தேதி, எந்த மருத்துவமனை என்பவை அறுவைக் குறிப்பில் இருக்கும். அதன் படியையும் கேட்டுப் பெறலாம்.

இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் தொகுக்கும் திட்டம் 2015 ஜூலை 6-இல் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் அதில் பங்குகொண்டது. 2017-இன் மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தன. உள்வைப்பு கிழிந்தாலோ வேறு கேடு நேர்ந்தாலோ, மருத்துவர் மட்டுமின்றி நோயாளியும் அத்திட்டத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். அதற்கான படிவத்தில் கருவியின் பெயரையும் தொடர் எண்ணையும் நிரப்ப இடம் விட்டிருக்கிறார்கள்.